அருமை என்பது பொருளின் குணமா?

உலகத்தார் ஒரு பொருளை விரும்புதற்குக் காட்டும் காரணங்கள் பல. அழகுடையது என்பர், பயனுடையது என்பர், முன்னோர் வைத்துச் சென்றது என்பர். இவையெல்லாம் அப்பொருளை நோக்கிக் கூறப்படுவன. இவற்றின் வேறாய் மற்றொரு காரணமும் உண்டு. அது, ‘இஃது எளிதிற் கிடைப்பதன்று; பிறரிடத்து இல்லாதது’ என்பது. இக்காரணம் பொருளை நோக்கிக் கூறப்படுவதுபோலத் தோன்றினும், உற்றுநோக்குமிடத்து, பொருளை விட்டுப் பிறரையே நோக்கி நிற்பதாம். ஆகவே, அருமை என்பது பொருளின்கண் உள்ளதொரு குணமோ, அன்றி விரும்புவோன் உள்ளத்தின்கண் உள்ளதொரு நிலையோ என்னும் வினா எழுகின்றது. இதனை வெறுஞ் சொல்லாராய்ச்சி எனத் தள்ளுதல் கூடாது. முதியவர் ஒருவர் தாம் முப்பது ஆண்டு பேணிவந்த பொருளொன்றை என்செய்வது என்று நம்மை வினவியபோது, அவர்க்கு விடை கூறுதற்கு இவ்வாராய்ச்சியே வேண்டப்பட்டது. அப்பொருள் பொன்னுமன்று, மணியுமன்று. சுண்டைக்காயினும் சிறிது பெரிதாகிய ஒரு பூண்டின் கிழங்கு.

இங்கிலாந்து தேசத்தார் ‘ஸ்னோடிராப்’ என வழங்கும் மலரை நம்மவருட் பலர் கண்டிரார். அப்பெயர்க்குப் பனித்துளி என்பது பொருளாகலின், ஈண்டுப் பனித்துளிமலர் என்றே வழங்குவோம். செடிநூலார் இவ்வினத்திற்கு இட்ட பெயர் ‘கலாந்தஸ்’ என்பது. கிரேக்க மொழியிற் பால் எனவும் மலர் எனவும் பொருள்படும் இருசொற்களின் புணர்ப்பாகிய அதனை ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டில் நிலைநாட்டினார். பிரனீஸ் மலைமுதல் காக்கசஸ் மலையும் ஈரானின் வடபகுதியும் ஈறாக இவ்வினத்திற் சற்றேறக்குறைய இருபது சாதிகள் இயற்கையாய் வளர்கின்றன. செடி ஒரு சாண் உயரமே உடையது. வெங்காயம்போல் ஏடடுக்காய் அமைந்த கிழங்கினின்றும் இரண்டு இலைகளும் ஒரு தண்டும் எழ, தண்டின் நுனியில் ஒரேயொரு மலர் தலைகவிழ்ந்து தொங்கும். இதழ்கள் ஆறு. புறவிதழ் மூன்றும் நீண்டு தூவெண்மையாயிருக்கும்; அகவிதழ் மூன்றும் குறுகி, நுனியிற் பச்சைக்குறி ஒன்று தாங்கியிருக்கும். மரங்கள் இலையுதிர்ந்து மண் உறைந்து கிடக்கும் சனவரி, பிப்ரவரித் திங்கள்களில், இலைநுனியின் வன்மையால் அவ்வுறைமண்ணைப் பிளந்துகொண்டு இது வெளிவரும். கடும்பனி பெய்த இரவில் துவண்டு நிலத்திற் படிந்துவிட்டு, வெயிலேறியபின் மீள நிமிரும்.

இம்மலர் அத்தேசத்தின் இயற்கைச் செடியன்று என்பதே ஆராய்ச்சியாளர் பலரது துணிபு. பதினாறாம் நூற்றாண்டின் முடிவில் தோட்டச்செடியாக அறியப்பட்ட இது, காட்டிடத்தே தானாக வளர்வதாக 1770-களிற்றான் குறிக்கப்பெற்றது. இன்றோ, கோயிற் புறங்களிலும் கல்லறைகளினிடையிலும் ஆற்றங்கரைகளிலும் இஃதில்லாத ஊர் அரிது. எளிய சாதி ஒன்று இவ்வாறு தேசமெங்கும் மலிந்து கிடப்ப, மற்றொருபாற் சில வகைகளின் ஒற்றைக் கிழங்கு பொன்விலை பெறுதலும் அத்தேசத்திலேயே நிகழ்கின்றது. இதழ்க்குறியின் வடிவத்தாலும் நிறத்தாலும் பருவத்தாலும் வேறுபடுத்திப் பெயரிடப்பட்டவை இதுகாறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டன. நாம் ஆராயப் புகுந்த வினாவிற்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டு நாம் தேடிப் பெறவல்லதன்று.

நம் நண்பர் கிளஸ்டர்ஷயர்ப் பகுதியில் வாழும் ஆங்கிலேயர். மருத்துவத் தொழிலினின்றும் ஓய்வு பெற்றவர். பிப்ரவரித் திங்களில் ஒருநாள் அவர் நம்மைக் கோல்ஸ்போர்ன் பார்க் என்னும் பண்ணைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றார். செல்ட்டனம் நகர்க்கும் சைரன்செஸ்டர் நகர்க்கும் இடையே, கோட்ஸ்வோல்ட் குன்றுகளின் பள்ளத்தாக்கில், சர்ன் என்னும் சிற்றாற்றை அடுத்து உள்ளது அது. அவ்விடத்து வாழ்ந்த ஹென்றி ஜான் எல்விஸ் (1846–1922) என்பார் மரம், செடி, பறவை, வண்ணத்துப்பூச்சி என்று இயற்கைப் பொருள் யாவற்றையும் நாடி இமயத்தின் சிக்கிம் வரையிலும் சென்றுவந்தவர். அகஸ்டின் ஹென்றி என்பாரோடு சேர்ந்து பிரிட்டன், அயர்லாந்து தேசத்து மரங்களைப்பற்றி ஏழு தொகுதிகள் கொண்ட பெருநூல் ஒன்றை 1906-ஆம் ஆண்டு தொடங்கி வெளியிட்டவரும் அவரே. அவர் 1874-ஆம் ஆண்டு ஏப்ரல் தொடக்கத்திற் துருக்கியில் ஸ்மிர்னா நகரை அடுத்த மலைகளிற் பெரியதொரு பனித்துளிமலரைக் கண்டார். அதற்கு மறுவாண்டிலேயே ஜோசப் ஹூக்கர் என்னும் செடிநூற் பேரறிஞர் எல்விஸின் பெயரையே இட்டார். எல்விஸ் மறைந்தபின் அவர் தேடிவைத்தவற்றுட் பல பிறர் கைக்குச் சென்றன. எனினும் மண்ணில் விடப்பட்ட கிழங்குகள் கேட்பாரற்றும் பெருகியே வந்தன. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகள் முதல் அவர்தம் கொள்ளுப்பேரர் குடும்பத்தார் அவற்றை ஆண்டுதோறும் பூ ஓய்ந்தவுடன் பசுந்தழையோடு தோண்டிப் பிரித்துப் பிரித்து நட்டமையால், இன்று அப்பள்ளத்தாக்கின் மரநிழல் எல்லாம் வெண்மையே. பண்டு செல்வர்க்கே உரியதாயிருந்த அம்மண்ணில், பிப்ரவரித் திங்களின் சில நாட்களில், சிறு கட்டணம் கொடுத்தார் எவரும் நடக்கலாம். நாம் சென்ற அன்று குழந்தைகளும் முதியோரும் ஊன்றுகோலினரும் நாயைக் கயிற்றிற் பிடித்தாருமாகக் கூட்டம் மிகுந்திருந்தது. தேநீரும் பணியாரமும் விற்கும் கொட்டகையின்முன் நின்ற வரிசை மலரின்முன் நின்ற வரிசையினும் நீண்டிருந்தமையையும் மறையாது கூறுவோம்.

நண்பர்க்குக் கண் பழுதுபட்டு வருகின்றது. விழித்திரையின் நடுவிடம் தேயும் நோய் அது. அந்நோயுடையார்க்குப் பக்கங்களில் உள்ளவை ஒருவாறு தோன்றும். எதனைக் குறித்து நோக்குகின்றாரோ அது மட்டும் மங்கிவிடும். ஆகலின் மரங்களின்கீழ்ப் பரந்த வெண்மை அவர்க்குப் புலனாயிற்று. ஒற்றை மலரின் பச்சைக்குறி புலனாகவில்லை. அவர் நம்மை மண்டியிட்டு மலரை விரலால் நிமிர்த்திப் பார்க்கச் சொல்லி, தாம் கோலூன்றி நின்று வினவுவாராயினர். “குறி ஒன்றா, இரண்டா?” “ஒன்று, கவிழ்த்த படகு போல்வது.” “இலை நீலம் பாய்ந்ததா? அடியில் ஓரிலை மற்றோரிலையைச் சுற்றி அணைத்திருக்கின்றதா?” “ஆம்.” அவர் உடனே பெயரும், அதனை முதலிற் கண்டவர் வரலாறும் கூறுவார். அங்ஙனம் ஒரு நாழிகைக்கு மேலாகக் கண் நம்முடையதாகவும் அறிவு அவருடையதாகவும் ஒரு காட்சி இருவரிடைப் பகுக்கப்பட்டு நடந்தது.

அளவை நூலார் காட்சியை நிருவிகற்பம், சவிகற்பம் என இருவகைப்படுத்துவர். ‘ஏதோ ஒன்று உளது’ என்று பொருளின் உண்மை மாத்திரையே தோன்றுவது முன்னது. பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தும் விளங்க அறிவது பின்னது. சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியைப் பயின்றார் இதனை நன்கறிவர். தோட்டத்து வாயிலில் நின்ற அளவில் நமக்குண்டாயது வெண்மை ஒன்றே தோன்றிய காட்சி. நண்பரின் வினாக்களாலேயே அது பெயரும் சாதியும் குணமும் உடையதாய் விரிந்தது. இங்கே ஒருசாரார், ‘வேற்றுமை பாராட்டாது யாவும் ஒன்றெனக் காண்பதன்றோ மேலான நிலை, இதழ்க்குறியை எண்ணி ஈராயிரம் பெயரிடுவது அறிவின் சிறுமையன்றோ’ என்பர். அற்றன்று. பேதத்தை அறியாமை வேறு. பேதத்தை அறிந்து அதனைக் கடத்தல் வேறு. வாயிலில் நின்று வெண்மையைக் கண்டார் வேற்றுமையைக் கடந்தாரல்லர். இன்னும் அதனிடம் வந்துசேராதவரே. நம் நண்பர் கூறியதும் இதுவே: “பெயர்களைக் கற்குமுன் நானும் இம்மலர்களைப் பார்த்ததுண்டு. ஐந்து நிமிடம் பார்ப்பேன். பின் தேநீர்க்குப் போய்விடுவேன்.” ஒன்றை மற்றொன்றினின்றும் பகுத்தறிதலாகிய உழைப்பினால் அவரது உள்ளம் முப்பது ஆண்டு அச்சிறு பூண்டின்பால் நின்றது. அங்ஙனம் நிறுத்திய அறிவை இழிவென்றல் எமக்கு உடன்பாடன்று.

இனி, அவர் வினாவிற்கு வருவோம். அத்தோட்டத்து ஏரியின் நீர் நுண்ணிய களிமண் கலந்து நிற்றலால் வியத்தகு நீலம் வாய்ந்தது. அதன் கரையில் ஒரு பலகையில் அமர்ந்து அவர் கூறியதாவது: அவரது வீட்டின் பின்புறத்துச் சிறு தோட்டத்திற் பன்னீராண்டுக்குமுன் தானே முளைத்த ஒரு செடி, புறவிதழின் நுனியிலும் மெல்லிய பசுமை பாய்ந்ததாய், அகவிதழின் குறி இரண்டு புள்ளிகளாய்ப் பிரிந்ததாய், வேறெங்கும் கண்டறியாத வகையாய் அமைந்தது. அஃது இப்பொழுது பதினொரு கிழங்காய்ப் பெருகியிருக்கின்றது. அதனைக் கேள்வியுற்ற ஒருவர் பதினொன்றையும் பெருந்தொகைக்கு வாங்க முன்வந்தார். ஆயின் அவர் விதித்த கட்டுப்பாடு ஒன்று. நண்பர் ஒரு கிழங்கும் தமக்கென வைத்துக்கொள்ளலாகாது. முன்னரே எவர்க்கும் கொடுத்திருத்தலும் ஆகாது. நண்பரின் மனைவியார் நினைவு தடுமாறிக் காப்பகமொன்றில் இருக்கின்றார். அவர்க்காகும் செலவோ மிகுதி. ‘நான் தெளிவாகக் காணவியலாத மலரை வைத்திருந்து என் பயன்? இதில் என் நெஞ்சு ஏன் தடுமாறுகின்றது?’ என்பதே அவர் நம்மைக் கேட்டது.

விற்பது பாவமென்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது, பசித்தவன்முன் நின்று உண்ணாநோன்பின் பெருமை பேசுவதை ஒக்கும். உழைப்பிற்கு விலை உண்டு, அறிவிற்கும் உண்டு. 2015-ஆம் ஆண்டில் ‘கோல்டன் பிளீஸ்’ என்னும் மஞ்சட்குறி வகையின் ஒற்றைக் கிழங்கு 1,390 பவுனுக்கு ஏலம்போயிற்று. அதனை ஆக்கிய ஜோ ஷார்மன் என்னும் தோட்டவித்தகர், மகரந்தம் மாற்றியும் விதை முளைப்பித்தும் பதினெட்டு ஆண்டு உழைத்தவர். விதை ஊன்றி மலர் காண்பதற்கே மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும் பூண்டில், பதினெட்டு ஆண்டின் கூலி அத்தொகை எனின் அது மிகையன்று. இங்கே விலை என்பது செய்தானொருவனது செயலை நோக்கியது. நண்பரை நாடி வந்தவர் கொடுக்க முன்வந்த விலையோ அத்தன்மையதன்று. செடி தானே முளைத்தது. அதன்கண் நண்பரது உழைப்புச் சிறிதே. விதித்த கட்டுப்பாட்டை நீக்கிவிடின் அவர் அத்தொகையிற் பாதியும் கொடார். ஆகவே அவர் விலைபேசியது மலரை அன்று; மலர் பிறரிடத்து இல்லாமையையே என்பது தெளிவு.

இவ்வில்லாமை மலரின் குணமாமாறு யாங்ஙனம்? முற்கூறிய ஐந்தனையும் ஒவ்வொன்றாய் வைத்து நோக்குக. பெயர், இட்டது. சாதி, இன்ன இனம் என்பது. குணம், வெண்மையும் பசுமையும் நறுமணமும். கன்மம், வெயிலிற் புறவிதழ் விரிதலும் குளிரிற் குவிதலும். பொருள், அவ்விதழும் தண்டும் கிழங்குமாகிய அதுவே. இவ்வைந்தனுள் எதன்கண் அருமை உளது? இன்றிரவு ஹாலந்து தேசத்து வயலொன்றில் அம்மலரே பதினாயிரம் பூத்தன என்று வைத்துக்கொள்வோம். நண்பர் தோட்டத்து மலரின் வெண்மை குறையுமோ? மணம் குன்றுமோ? ஓர் அணுவும் வேறுபடாது. ஆயின் விடிந்தவுடன் அதன் அருமை முற்றும் ஒழிந்திருக்கும். தான் நிலைபெற்ற பொருளின்கண் ஒரு வேறுபாடும் நிகழாதிருக்கத் தான் மட்டும் அழிவது எதுவோ, அஃது அப்பொருளின் குணமன்று என்பது வெளிப்படை.

‘அருமை குணமன்றாயினும், ஒன்றை ஊன்றி நோக்கச் செய்வது அதுவே, ஆகலின் அன்பிற்கு வாயிலாகும்’ எனின், ஒருபுடை ஒக்கும். எங்கும் மலிந்ததனை நாம் பாராது நடப்பது உண்மை. அருமை கண்டு நின்றவன் பின்னர் அழகு கண்டு நிற்றலும் கூடும். எனினும் வாயிலை வீடென்று கருதி அங்கேயே தங்கிவிடுவாரே பெரும்பாலர். ஹாலந்து தேசத்தில் 1636, 1637-ஆம் ஆண்டுகளில் டூலிப் என்னும் மலரின் கிழங்குக்கு வீட்டுவிலை கொடுத்த கதை யாவரும் அறிந்தது. அக்காலத்து மிகவும் அரியனவாக விரும்பப்பட்டவை இதழிற் தீக்கொழுந்துபோற் கோடு பாய்ந்தவை. அக்கோடுகள் வைரஸ் என்னும் நுண்கிருமியால் விளையும் நோயின் குறி என்பது இருபதாம் நூற்றாண்டில், 1928-ஐ ஒட்டியே, விளங்கலாயிற்று. அந்நோய் கிழங்கை மெலிவித்தது; மெலிந்தமையால் அது பெருகவில்லை; பெருகாமையால் அரிதாயிற்று; அரிதானமையால் விலை ஏறிற்று. அம்மலர்மேல் பித்துக்கொண்டவர் தம்மையறியாது விரும்பியது அதன் பிணியையே.

நம் ஆராய்ச்சியின் நடுவிடம் இதுவேயாகலின் இங்கே சிறிது நின்று நோக்குவோம். பனித்துளிமலரின் ஒரு வகை கிழங்கு பிரிதலாற் பெருகுமாயின், பிரிந்தவை யாவும் ஓருயிரின் கூறுகளே, தாயும் சேயுமல்ல. ஓர் ஊரில் உள்ளதும் கடல்கடந்த ஊரில் உள்ளதும் ஒரே செடியின் இருவேறு உறுப்புக்கள் என்றே சொல்லத்தகும். இக்காலத்துத் தோட்டவித்தகர் அதனை விரைவுபடுத்தவும் அறிவர். கிழங்கின் அடித்தட்டோடு இவ்விரண்டு ஏடு ஒட்டியிருக்குமாறு கூரிய கத்தியால் பல துண்டாக வகுத்து, நோய்தடுக்கும் மருந்திற் தோய்த்து, ஈரப்பொடியோடு பையிலிட்டு மிதமான வெப்பத்தில் மூன்று திங்கள் வைப்பின், ஒவ்வொரு துண்டின் ஏடுகளின் இடையிலும் அரிசியளவாக ஒரு சிறு கிழங்கு தோன்றும். ஆகவே ‘உலகில் ஒன்றே ஒன்று’ என்பது இச்செடியின் இயல்பன்று. அதன் வாழ்க்கையில் ஒரு சிறு பருவமே. செடி உயிரோடிருக்குமாயின் பெருகும். பெருகுமாயின் அருமை கெடும். இதனால், அருமையை வேண்டுவோன் செடியின் பெருக்கத்தை வேண்டாதவனாகின்றான். தான் விரும்புவதாகச் சொல்லும் ஒன்றன் வாழ்வையே அவன் தன் உள்ளத்தின் ஒரு மூலையில் அஞ்சுகின்றான். நண்பரது நெஞ்சு தடுமாறியதன் காரணமும் இஃதே என்று நமக்குத் தோன்றிற்று. அவரைக் கேட்டது பதினொரு கிழங்கை விற்கும்படியன்று. பன்னிரண்டாவது கிழங்கு வேறெங்கும் முளையாதென்று உறுதிசெய்யும்படியே. ‘எனக்கே’ என்னும் ஏகாரம் உயிரை அணுவளவாகச் சுருக்குவது என்று நம் நூலார் கூறுவது உயிரை நோக்கியது. அச்சுருக்கம் அவ்வுயிர் கைப்பற்றிய பொருளின்மேலும் விழுதலை இங்கே கண்கூடாகக் காண்கின்றோம்.

2012-ஆம் ஆண்டில் ‘எலிசபெத் ஹாரிசன்’ என்னும் வகையின் ஒரு கிழங்கை 725 பவுனுக்கு விதைவாணிகர் ஒருவர் வாங்கினர். வாங்கிய நோக்கம் அதனைப் பெருக்கிப் பலர்க்கும் விற்றல். வாணிக நோக்கமேயாயினும், அருமையை அழித்தற்கென்றே அருமைக்கு விலைகொடுத்தாராகலின், ஒளித்துவைக்க வாங்குவாரினும் அவ்வாணிகர் செடிக்கு நல்லவர் என்றே சொல்லுவோம். இது கேட்டு நகைப்பாரும் உளர்.

பகிர்தலால் வாழ்ந்த செடியின் வரலாறு கோல்ஸ்போர்னிலேயே உண்டு. ஸ்காட்லாந்தில் டம்ஃப்ரீஸ் பகுதியில் வாழ்ந்த சாமுவேல் ஆர்னட் என்பார், உயர்ந்து தடித்து வளர்வதும் தேன்மணம் கமழ்வதுமாகிய ஒரு வகையை எல்விஸுக்கு அனுப்பினார். அது பின்னர்க் கைம்மாறிக் கைம்மாறிக் கிளஸ்டர்ஷயரின் மற்றொரு தோட்டத்தை அடைந்தது. அங்கிருந்து 1950-களிலும் 1960-களிலும் தபால்வழி எங்கும் விற்கப்பட்டது. இன்று ‘எஸ். ஆர்னட்’ என்னும் அவ்வகை இல்லாத பனித்துளிமலர்த் தோட்டம் இல்லை எனலாம். விலையோ மிகச் சிறிது. கோல்ஸ்போர்னில் அது திரள்திரளாய் நிற்கின்றது. நாம் சென்ற அன்று நண்பகல் வெயிலில் அதன் மணம் நண்பர் முகத்தில் முதலிற் பட்டு, கண்ணுதவி வேண்டாமலே அவர் பெயர் சொன்ன மலர் அதுவொன்றே. மணம் அரியதன்று என்பதற்காக அவரது மகிழ்ச்சி குறைந்ததாக நாம் காணவில்லை. அத்தேசத்துத் தோட்டக்காரரிடையே ஒரு வழக்கு உண்டு: ஒரு செடியை இழவாதிருக்க வழி அதனைப் பிறர்க்குக் கொடுத்துவைத்தலே என்பர். எலி, பூஞ்சணம், வெள்ளம், களவு என்னும் இவற்றுள் ஒன்று நம்முடையதை அழிப்பினும் அயலார் வீட்டிலிருந்து மீளப் பெறலாம். களவு என்றது புனைந்துரையன்று. அரிய வகைகளைத் திருடுவார்க்கு அஞ்சிச் சில தோட்டத்தார் அவற்றிற்குப் பெயர்ப்பலகை நடுவதையே விடுத்தனர். பெயரறிந்து மகிழ வருவார்க்குப் பெயர் மறைக்கப்படுகின்றது. அருமை என்னும் பித்து முதலில் விழுங்குவது அறிவையே.

இதுகாறும் கூறியதனால், அருமையைத் துறந்து எளிமையை விரும்புவார் யாவரும் குற்றமற்றவர் என்று கொள்ளற்க. எளிமைக்கும் ஒரு கொடுமை உண்டு. எல்விஸ் கண்ட பெருமலரின் தாயகமாகிய துருக்கி மலைகளிலிருந்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கோடிக்கணக்கான காட்டுக்கிழங்குகள் தோண்டப்பட்டு ஹாலந்து வாணிகர் வழியாக ஐரோப்பியர் தோட்டங்களை அடைந்தன. கடையில் ஒரு பிடிக் கிழங்கைச் சில்லறைக் காசுக்கு வாங்கினவர், அவை எந்த மலைச்சரிவை வெறுமையாக்கி வந்தன என்று வினவினாரல்லர். காட்டுயிர் வாணிகத்தை வரம்புசெய்யும் அனைத்துலக உடன்பாட்டின் இரண்டாம் அட்டவணையில் 1990 முதல் இவ்வினம் முழுதும் சேர்க்கப்பட்டிருக்கின்றது. அதன்பின் ஏற்றுமதிக்கு அளவு விதிக்கப்பட்டது. டாரஸ் மலையூர்களில் உழவரே கிழங்கைப் பயிரிட்டு விற்கும் முயற்சியும் நடைபெற்றது. ஜார்ஜியா தேசத்தின் கருங்கடற் பகுதியிலிருந்து மற்றொரு சாதி இன்றும் ஆண்டளவைக்கு உட்பட்டு ஏற்றுமதியாகின்றது. கிழங்கு ஒன்றுக்கு மலையூரான் பெறுவது மிகச் சொற்பம். ஒருவன் ஒரு கிழங்குக்கு ஆயிரம் பவுன் கொடுக்கின்றான். மற்றொருவன் நூறு கிழங்கைக் கணக்கின்றி வாங்கிப் பாதியை உலரவிட்டு எறிகின்றான். முன்னவன் மலரைக் காணாது அதன் அருமையைக் காண்கின்றான். பின்னவன் மலரைக் காணாது அதன் மலிவைக் காண்கின்றான். மலிவும் மேற்கூறிய ஐந்தனுள் அடங்காதது என்பதை இங்கே நினைவுகூர்க.

நண்பர்க்கு நாம் கூறிய விடை சுருக்கமானது. விற்பதற்கு உமக்கு உரிமை உண்டு. மனைவியார் பொருட்டு விற்றல் கடமையாகவும் கூடும். ஆயின் வேறெங்கும் இராது என்னும் உறுதியைக் கொடுப்பதற்கு உமக்கு உரிமை இல்லை, ஏனெனின் அது செடியின் உரிமை, நீர் விற்றற்குரியதன்று. இதற்கு அவர் உடனே இசைந்தாரல்லர். “செடிக்கு உரிமை உண்டென்று சொல்வது எளிது, காப்பகத்தார் திங்கள்தோறும் கணக்கு அனுப்புகின்றனர்” என்றார். அதற்கு நம்மிடம் விடையில்லை. அறநூல் வழக்கறிந்தாரும் இவ்விடத்து விரைந்து பேசாதிருத்தல் நன்று.

மற்றொன்றும் அவர் கேட்டார். “என் கண் முற்றும் மங்கியபின், இந்தத் தோட்டமெல்லாம் எனக்கு ஒரே வெண்மையாய்விடும், நான் கற்ற பெயர்களெல்லாம் வீணாய்ப்போமோ?” இதனை நாம் பல நாள் எண்ணினோம். கற்றற்குமுன் தோன்றும் வெண்மையும் கற்றபின் எஞ்சும் வெண்மையும் கண்ணளவில் ஒன்றே, அறிவளவில் ஒன்றல்ல. வாயிலில் நின்ற நாம் பெயரறியாது வெண்மையைக் கண்டோம். அவர் ஒவ்வொரு மரத்தடியிலும் இன்னது நிற்கின்றது என்று அறிந்தே அவ்வெண்மையைக் காண்கின்றார். விகற்பங்களைப் பெற்று, பின் புலன் அடங்க நிற்கும் அக்காட்சியை நிருவிகற்பம் என்றே ஒருவர் தள்ளின், அவர் சொல்லை அறிந்தார், பொருளை அறிந்தாரல்லர். இது நம் கருத்து. அளவை நூலிற் பழகிய அன்பர்கள் இதனை மறுப்பாராயின் கேட்க விழைகின்றோம்.

மார்ச்சுத் திங்களில் பூ ஓய்ந்தபின் அவரிடமிருந்து கடிதம் வந்தது. பதினொன்றில் மூன்று கிழங்குகளைப் பசுந்தழையோடு தோண்டி, மூன்று அயல்வீட்டாரிடம் கொடுத்து நடுவித்திருக்கின்றார். அவருள் ஒருவர் பள்ளிச் சிறுமி. அதன்பின்னரே வாங்க வந்தவர்க்குச் செய்தி தெரிவித்தார். அவர் சினந்து, முன்சொன்ன தொகையில் மூன்றிலொரு பங்கே தருவதாக எழுதினார். நண்பர் அதனை ஏற்று ஆறு கிழங்கு விற்றார். காப்பகச் செலவிற்கு அஃது இரண்டு வாரமே போதுமாம். எஞ்சிய இரண்டும் அவர் சாளரத்தின்கீழ் இருக்கின்றன. பெயரிடும் பொறுப்பைச் சிறுமியிடம் விட்டிருப்பதாகவும், அவள் இன்னும் துணியவில்லை என்றும் எழுதியிருக்கின்றார்.